கொஞ்சம் தள்ளிக்கங்க

சன்னல் ஓரத்துல நீங்க ஒக்காருங்க தம்பி. அட, உள்ள போங்க, பரவாயில்ல. எனக்கு இந்த நடை ஓரம்தான் வேணும். மூணு பேரு சீட்டுதான், ஆனா நடுவுல எம் பை இருக்கட்டும். முந்தியெல்லாம் சன்னலுக்குத் துண்டு போட்டுச் சண்டை பிடிச்ச ஆளு நான். போன கோடையில இருந்து உள்ள மாட்டுனா மூச்சு முட்டுது. டாக்டரு ஒண்ணுமில்லைங்கறாரு. ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லதான். ஆனா எந்திரிச்சு ஓட ஒரு வழி இருக்கணும், அம்புட்டுத்தான்.

டவர் வேலையா வந்தீகளா? பையப் பாத்தாலே தெரியுது. டவுன் வரைக்குமா? நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆளாச்சு. நாங்களும் டவுனுக்குத்தான். கொஞ்சம் மெதுவாப் பேசுவோம், என்ன? டிரைவருக்குப் பின்னாடி, பொம்பளையாளுக சீட்டுல, ஊதாச் சேலை கட்டி மடியில மஞ்சப்பையோட ஒரு பிள்ள ஒக்காந்திருக்கு, தெரியுதா? எந் தங்கச்சி. வேலுத்தாயி. இந்த வண்டி போடுற சத்தத்துல அங்க ஒண்ணும் கேக்காது. ஏத்தம்னாலும் கத்தும், எறக்கம்னாலும் கத்தும், அப்படி வண்டி இது. இருந்தாலும் மெதுவாவே பேசுவோம்.

விசாரணைக்குப் போறோம். நான் காட்டு வாச்சரு. மொக்கராசுன்னா இந்த மலையில தெரியாத ஆளு கெடையாது. எங்க தீ பிடிச்சாலும் முதல்ல என்னத்தான் எழுப்புவாக. எத்தன தீயப் பாத்திருக்கேன்! அப்பேர்ப்பட்ட எனக்கு மேல ஒரு பாரஸ்டரக் கொண்டாந்து போட்டாக. பொம்பளை. ஜெனோவா மேடம்னு பேரு. நாகர்கோவில் பக்கம். டிரெய்னிங் எல்லாம் எடுத்த ஆளுதான், இல்லைங்கல. ஆனா தம்பி, தீய அணைக்கப் போன எடத்துல அந்தம்மா என்ன செஞ்சுச்சு தெரியுமா? தீ வெச்சுச்சு! நான் பொய் சொல்லல. எங் கண்ணால பாத்தேன். சட்டைப் பையில இருந்து தீப்பெட்டிய எடுத்து, நல்லா நின்ன புல்லுல ஒரசிப் போட்டுச்சு.

அதுல எம் மாப்ள சன்னாசி போயிட்டான். வேலுத்தாயி வீட்டுக்காரன். அவனும் வாச்சருதான், நான்தான் சேத்துவிட்டேன்.

இன்னைக்கு நான் போயி பெரிய ஆபீசரு முன்னாடி நின்னு, ஆமா, தீ வெச்சது அந்தம்மாதான், அந்தத் தீதான் எம் மாப்ளையத் தின்னுச்சுன்னு சொல்லணும். சொன்னா அதுக்கு வேலை போயிரும். கேசுகூட ஆகும்ங்கறாக. கூட வந்த மத்த பயலுக அம்புட்டுப் பேரும் அந்தம்மா பக்கம். எங்க உசிர மீட்டது மேடம்தான்னு சொல்லிட்டாய்ங்க. ஆனா செத்தது எம் மாப்ள. அதனால எம் பேச்சுக்குத்தான் மதிப்பு. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவே ஒருதடவை சொல்லியாச்சு. அதைத்தான் மறுபடி சொல்லப் போறேன். மாத்திச் சொல்ல முடியுமா? ஊரு பூராம் சொல்லியாச்சு. எந் தங்கச்சிகிட்டச் சொல்லியாச்சு. அது அதை நம்பித்தான் ஒருவேளை சோறாவது திங்குது.

இல்லப்பா, எடமில்ல. பை இருக்கு பாரு. எனக்கு இடுப்புல அடி, இடிச்சா வலிக்கும். பின்னாடி போ, பின்னாடி காலியாக் கெடக்கும். பாத்தீகளா தம்பி, ஒரு சீட்டக் காலியா விட்டா வந்துருவாய்ங்க.

எங்க விட்டேன்? ஆமா. கழுகுமொட்டைன்னு ஒரு மலை. அந்தா, மூணாவது வளைவுல தெரியும், காட்டுறேன். உச்சியில மரமே கெடையாது, அதான் மொட்டை. பூராம் சுக்குநாறிப் புல்லு. கையில கசக்குனா எலுமிச்சை வாசம் வரும், வெளிய இருந்து வர்ற ஆளுக டீயில போட்டுக் குடிப்பாக. எண்ணெய் எடுக்குற புல்லு தம்பி. பங்குனியில அது காஞ்சு நிக்கும்போது ஒரு பீடித் துண்டு விழுந்தாப் போதும்.

விழுந்துச்சு. எவன் போட்டானோ. காலையிலயே கிழக்குச் சரிவுல பொகை. மேடம், நான், சன்னாசி, இன்னும் நாலு பேரு ஏறுனோம். தீ அணைக்கிறதுன்னா வண்டி வந்து தண்ணி பீச்சும்னு நெனப்பீக. மலையில தண்ணி ஏது? குடிக்கிற தண்ணியே தோள்ல தொங்குறதுதான். பச்சைத் தழைதான் எங்களுக்கு. கொத்தா ஒரு கொப்பை ஒடிச்சு, எரியிற ஓரத்துல அடி அடின்னு அடிக்கணும். எரிஞ்சு முடிஞ்ச கரிப் பக்கம் கால வெச்சு நின்னு அடிக்கணும். எரியாத புல்லுப் பக்கம் நிக்கவே கூடாது. ஏன்னா கரி மறுபடி எரியாது. இதெல்லாம் எனக்குப் பொறந்ததுல இருந்து தெரியும். டிரெய்னிங் எடுத்துத் தெரிஞ்சுக்கணும்னு இல்ல.

மத்தியானம் தாண்டுறதுக்குள்ள முக்காவாசி அமத்திட்டோம். மேக்காம ஒரு ஓடை இருக்கு. அந்த ஓடைக்குள்ள மட்டும் கொஞ்சம் புகைஞ்சுக்கிட்டு, சின்னதா நாக்கு நீட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. காத்து நம்ம பக்கம் இருந்து அதுமேல அடிக்குது. அது எங்க வரப் போகுது? அப்பத்தான் சன்னாசி பாத்தான். "மச்சான், மேக்க பாருங்க"ன்னான். மேகம் தம்பி. கருகருன்னு, மலைக்கு மேல மலை வெச்ச மாதிரி. கோடை மழை! பயலுக துண்டைத் தூக்கிச் சுத்துறாய்ங்க. ஒருத்தன் விசிலடிக்கிறான். தீ பாக்குறவனுக்கு மழைய விடப் பெரிய ஆபீசரு யாரு இருக்கா?

நான் சொன்னேன், "வாங்கடா, தழைய எடுங்க, மேல போவோம்"ன்னு.

அது எங்க வழக்கம். மொட்டை உச்சியில தழைச்சாமி இருக்கு. கோயிலெல்லாம் இல்ல, ரெண்டு கல்லுதான். மலையேறுற எவனும் அங்க ஒரு கொப்பு ஒடிச்சுப் போட்டுட்டுத்தான் தாண்டுவான். நாங்க தீய அமத்துனா, அடிச்ச தழையக் கொண்டு போயி அந்தக் கல்லுல போட்டுட்டுத்தான் எறங்குவோம். எங்கப்பன் காலத்துப் பழக்கம். தழையக் காட்டுல வீசிட்டு வந்தா அடுத்த தீ நம்ம கையாலயே பிடிக்கும்பாக.

அந்தம்மா மேகத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. சந்தோசப்படணுமா இல்லையா? மொகம் வெளுத்துப் போச்சு. "அண்ணே, யாரும் மேல போகாண்டாம். அந்த மேகத்துல இருந்து மழைக்கு முன்னாடி காத்துதான் எறங்கும். இப்ப அடிக்கிற காத்து அப்படியே திரும்பிரும். ஓடையில இருக்க தீ நம்ம பக்கம் வந்துரும். எல்லாரும் எரிஞ்ச எடத்துலயே நில்லுங்க. தழைய மழை விட்டப்பறம் போட்டுக்கலாம்"னு சொல்லுச்சு.

நான் சிரிச்சேன். சிரிக்காம? மழை வருதுன்னு பயந்த பாரஸ்டர நீங்க கண்டிருக்கீகளா? "மேடம், உங்க ஊருல கடலுக்குக் கட்டுப்பாடு சொல்லுங்க, எங்க மலைக்குச் சாமி இருக்கு"ன்னேன். பயலுக சிரிச்சாய்ங்க. அந்தம்மா எம் பேரச் சொல்லி, இது உத்தரவுன்னு சொல்லுச்சு. எனக்குச் சுருக்குனு ஆச்சு. எல்லாரும் முன்னால எனக்கு உத்தரவா? நான் பாட்டுக்கு ஏற ஆரம்பிச்சேன். நான் ஏறுனா எம் பின்னால வராத பய எவன்? ஒருத்தன் பின்னால ஒருத்தனா அம்புட்டுப் பேரும் வந்தாய்ங்க. அந்தம்மாவும் வேற வழியில்லாம எங்க பின்னாலயே ஓடியாந்துச்சு. கூப்பிட்டுக்கிட்டே வந்துச்சு.

அந்தா! அந்தா பாருங்க தம்பி, அதான் கழுகுமொட்டை. இப்பப் பச்சையாத்தான் இருக்கு. எம்புட்டு எரிஞ்சாலும் ஒரு மழையில முளைச்சு நிக்கும், வெக்கங்கெட்ட புல்லு. வலது பக்கம் ஒரு பாறை தனியாத் தெரியுதா? தெரியலையா? வண்டியத் திருப்பிட்டான். சரி விடுங்க.

பாதி தூரம் ஏறியிருப்போம். புல்லு இடுப்புக்கு மேல. எனக்கு அன்னைக்கு முட்டி வலி. "மாப்ள, எந் தழையவும் நீ பிடிடா"ன்னு சன்னாசிகிட்டக் குடுத்தேன். ரெண்டு தழையவும் தோள்ல போட்டுக்கிட்டு வந்தான். நல்ல பய தம்பி. எதுக்கும் மொகம் சுளிக்க மாட்டான். எந் தங்கச்சிய ஒரு சொல்லு சொன்னதில்ல.

திடீர்னு காத்து நின்னுபோச்சு. ஒரு புல்லுத் தாள் அசையல. காதுக்குள்ள 'கொய்'ங்குது. நான் இதுவரைக்கும் மலையில அப்படி ஒரு அமைதியக் கேட்டதில்ல. அப்பறம் சில்லுனு ஒரு காத்து, மேக்க இருந்து. வேர்த்த ஒடம்புக்குச் சொகமா இருந்துச்சு. "ஆகா"ன்னான் ஒருத்தன். அவன் வாய மூடுறதுக்குள்ள ஓடைக்குள்ள படுத்துக் கெடந்த தீ எந்திரிச்சு நின்னுச்சு. எந்திரிச்சதுன்னா, நம்ம பஸ்ஸு ஒசரத்துக்கு. அப்படியே சரிவுல குறுக்க, எங்கள நோக்கி வருது. நாங்க ஏறி வந்த பாதைக்கும் கீழ இருந்த கரிக்கும் நடுவுல பூந்துருச்சு. எறங்க முடியாது. மேல ஓடலாம்னா, மேட்டுல மனுசன் நடப்பான், தீ ஓடும். இங்கிட்டுப் புல்லு, அங்கிட்டுப் புல்லு. நாங்க நடுவுல.

கோழியக் கூடையில கவுத்த மாதிரின்னு சொல்வாகள்ல. அதுதான்.

அப்பத்தான் அந்தம்மா அதச் செஞ்சுச்சு. குனிஞ்சு, எங்களுக்கு முன்னாடி இருந்த புல்லுல தீக்குச்சியக் கிழிச்சுப் போட்டுச்சு. குப்புனு பிடிச்சு, காத்தோட அந்தப் பக்கமா ஓடுது. "இது ஓடட்டும்! இது எரிஞ்ச எடத்துல உள்ள வாங்க! மொகத்தத் தரையில வெச்சுப் படுங்க, துண்ட நனைங்க!"ன்னு கத்துது. பின்னால ஒரு தீ, முன்னால இது வெச்ச ஒரு தீ. பைத்தியம் பிடிச்சிருச்சுன்னே நெனச்சேன். சொல்லுங்க தம்பி, நீங்களா இருந்தா உள்ள போவீகளா? பயலுக போயிட்டாய்ங்க. சுடச்சுடச் சாம்பல்ல போயி விழுந்தாய்ங்க, ஆட்டு மந்தை மாதிரி. நான் போகல. எனக்கு அந்தப் பாறை தெரியும். அதுல ஒரு இடுக்கு இருக்குறதும் தெரியும். "எம் பின்னால வா மாப்ள!"ன்னுட்டு ஓடுனேன். அவன் என் பேச்ச மீறுனவன் இல்ல. வந்தான்.

இடுக்குக்குள்ள பூந்துட்டேன். எப்படிப் பூந்தேன்னு கேக்காதீக, இப்ப நுழையச் சொன்னா முடியாது. இடுப்பு ரெண்டு பக்கமும் பாறையில இறுகிப்போச்சு. மொகம் பாறையில. தலையத் திருப்ப முடியல, கைய எடுக்க முடியல. பாறை சுடுது. வெளிய அந்தச் சத்தம் இருக்கே, ரயிலு பாலத்துல போற மாதிரி, நிக்கவே மாட்டேங்குது. மூச்ச இழுத்தா நெஞ்சுக்குள்ள மொளகாப்பொடி. செத்தோம்னு நெனச்சேன். எங்காத்தா மொகம்கூட ஞாபகத்துக்கு வரல தம்பி. வெளிய போகணும், வெளிய போகணும், அது ஒண்ணுதான்.

சன்னாசி வந்தான். ரெண்டு தழையும் தோள்ல இருந்திருக்கு, கீழ போடல. சாமிக்குன்னு நேந்ததை எப்படிப் போடுறதுன்னு நெனச்சிருப்பான். அதான் லேட்டு. வந்து எங் காலத் தொட்டான். "மச்சான், கொஞ்சம் தள்ளிக்கங்க"ன்னான். எங்க தள்ள? அது ஒராளு எடம். போயிட்டான்.

அப்பறம் என்ன. அடங்குச்சு. தொடையில, குதிகால்ல எனக்குச் சூடு. அதோட தப்பிச்சேன். தழைச்சாமிதான் காப்பாத்துச்சு. பாறைக்கு ஒரு பக்கத்துப் புல்லு முன்னாடியே எரிஞ்சு தீந்திருந்துச்சாம், அதனால பெருந்தீ ஒரு பக்கமாத்தான் வந்துச்சாம். பயலுக சொன்னாய்ங்க. அந்தம்மா வெச்ச தீ அங்க மேஞ்சிருச்சுன்னு. அது பாட்டுக்கு எங்கயோ மேஞ்சிருக்கும், அதுக்கு நான் என்ன செய்ய?

பெறகுதான் மழை பெஞ்சுச்சு. சும்மா ஊத்து ஊத்துன்னு. நான் இடுக்குக்குள்ளயே நனையிறேன். வெளிய வர முடியல. கூப்பிடுறேன், யாரும் வரல. எல்லாரும் சன்னாசிகிட்ட நின்னிருக்காய்ங்க. புல்லுக்கும் கரிக்கும் நடுவுல விழுந்து கெடந்திருக்கான். அந்தம்மா கரிய விட்டு எந்திரிச்சு வெளிய ஓடி, அவன் காலப் பிடிச்சு உள்ள இழுத்துப் போட்டிருக்கு. ரெண்டு உள்ளங்கையும் தோலு உரிஞ்சு போச்சு. அப்பறம் வந்து என்னையும் அதுதான் தோளுல கை குடுத்து உருவி எடுத்துச்சு. இடுப்புச் சட்டையோட தோலும் பாறையில ஒட்டிக்கிச்சு. எதுக்கு எடுத்துச்சு? ஒரு ஆள விட்டுட்டு வந்துருச்சுன்னு பேரு வரக்கூடாதுல்ல. அதுக்குத்தான்.

சன்னாசிக்கு உசிரு இருந்திருக்கு. மழை விடுற வரைக்கும் இருந்திருக்கு. அந்தம்மா மடியிலதான். என்னமோ பேசியிருக்கான். நான் போறதுக்குள்ள போயிட்டான்.

வேலுத்தாயி அது ஒண்ணத்தான் கேக்கும். அழுகைகூட இல்ல. "கடைசியா என்னண்ணே சொன்னாரு?"ன்னு. "உம் பேரச் சொன்னான் ஆத்தா"ன்னு சொல்லி வெச்சிருக்கேன். வேற என்ன சொல்லியிருப்பான்? அதத்தான் சொல்லியிருப்பான். காரியத்தன்னைக்கு அந்தம்மா ரெண்டு கையிலயும் கட்டோட வீட்டு வாசலுக்கு வந்துச்சு. தங்கச்சியப் பாக்கணும்னுச்சு. நான் விடல. எம் மாப்ளையக் கொன்னவ எங்க வாசப்படி ஏறுறதான்னு நடுத்தெருவுல நின்னு கேட்டேன். அழுதுக்கிட்டே போயிருச்சு. உள்ள இருந்து வேலுத்தாயி எட்டிப் பாத்துச்சு. "அவுகளுக்குத் தெரியுமாண்ணே?"ன்னு கேட்டுச்சு. என்ன தெரியும்னு நான் கேக்கல.

இன்னைக்கு ஒரே ரூமுல ரெண்டு பேரும் ஒக்காரப் போறாக. அதான் எனக்கு ராத்திரி பூராம் தூக்கமில்ல. வரவேணாம் தாயின்னு எம்புட்டோ சொன்னேன். மஞ்சப்பைய எடுத்துக்கிட்டு எனக்கு முன்னாடி வந்து பஸ்ஸுல ஏறி ஒக்காந்திருச்சு. அந்தப் பையில என்னான்னு தெரியுமா? அவனோட காக்கிச் சட்டை. தொவைச்சு மடிச்சு வெச்சிருக்கு.

என்ன கேட்டீக?

அந்தம்மா வெச்ச தீதான் கொன்னுச்சுன்னு எப்படித் தெரியும்னா... தெரியும். பாத்தேனான்னா, மொகம் பாறையில இருக்கும்போது எப்படிப் பாக்குறது? பாத்துத்தான் சொல்லணுமா? தீக்குச்சி ஒரசுனதப் பாத்தேன்ல. அது போதாதா? நீங்களும் ஆபீசரு மாதிரியே கேக்குறீகளே.

ஏப்பா, கண்டக்டரே, இந்தக் கூட்டத்தக் கொஞ்சம் முன்னாடி போகச் சொல்லு! மேல வந்து சாயிறாய்ங்க. வழிய விடுங்கப்பா. மூச்சு விடணும்ல.

என்ன தம்பி, மறுபடி அதே கேள்வி. போயிட்டான்னா போயிட்டான். பாறைகிட்ட இருந்து எங்க போனான்னா? எடமில்ல, போயிட்டான், அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். அவனா ஏன் திரும்பி ஓடுனான்னு கேட்டா நான் என்ன சொல்ல? அவனா ஓடல. எங் காலப் பிடிச்சு இழுத்துக்கிட்டே நிக்கிறான், "மச்சான் மச்சான்"ங்கறான், பெருந்தீ வந்துருச்சு, நான் என்ன செய்யட்டும்? நான் கத்துனேன். என்ன கத்துனேனா? நான்தான் கத்துனேன் தம்பி, அந்தம்மாகிட்ட ஓடு, அந்தம்மா எரிச்ச கரிக்குள்ள ஓடிருடான்னு! வேற எங்க ஓடச் சொல்ல? அந்த மலையிலயே தீ வராத எடம் அது ஒண்ணுதானே!

ஏன் வண்டிய அமத்திட்டான்?

செக்போஸ்ட்டா? அடிவாரம் வந்திருச்சா? எப்ப அமத்துனான்? நான் பேசும்போதே அமத்திட்டானா? ஏன் எல்லாரும் திரும்பிப் பாக்குறாக. தம்பி, நான் சத்தமாவா பேசுனேன்? மெதுவாத்தானே பேசுனேன். நீங்கதான் நோண்டி நோண்டிக் கேட்டீக.

நான் அப்படிச் சொல்லல. அதாவது, சொன்னேன், ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. அந்த அவசரத்துல வாயில எது வருமோ அது வரும். அது கணக்கா? தீ வெச்சது அந்தம்மாதான். அதுல மாத்தமில்ல. அத...

எந்திரிச்சிருச்சு. ஊதாச் சேலை. எந்திரிச்சு இங்கிட்டுத்தான் வருது. ஏன் இங்க வருது? கூட்டம் வழி விடுது பாருங்க, எனக்கு விடாத கூட்டம். தம்பி, பேசாம இருங்க. நீங்க ஒண்ணும் கேக்கல, நான் ஒண்ணும் சொல்லல. மொகத்தப் பாத்தீகளா? எனக்கு ஒண்ணும் தெரியல அந்த மொகத்துல.

என்ன தாயி? எறங்கணுமா? இன்னும் டவுன் வரலத்தா. அங்கயே ஒக்காந்து வாயேன், இங்க எடமில்ல. பை இருக்கு பாரு. சரி சரி, பைய எடுக்குறேன். இந்தா, நடுவுல நீ போயி ஒக்காரு. நான் ஓரத்துல இருக்கேன். எனக்குத்தான் உள்ள ஆகாதே, ஒனக்குத் தெரியாதா?

என்னத்தா சொன்ன?

கேட்டீகளா தம்பி. என்னையத்தான் சொல்லுது. "நீ கொஞ்சம் தள்ளிக்கண்ணே"ங்குது.

தள்ளிட்டேன் தாயி. ஒக்காரு.

வண்டிய எடுத்துட்டான். இனி டவுன் வரைக்கும் நிக்காது, இல்ல? என்னமோ சொல்றா, வண்டிச் சத்தத்துல கேக்கல. என்னத்தா? மொதல்ல இருந்தா? இந்தத் தம்பிக்குச் சொன்னதையா? எங் கையப் பிடிச்சுக்கிட்டா தம்பி. விட மாட்டேங்கறா.

தம்பி, அந்தச் சன்னலக் கொஞ்சம் தெறந்து விடுங்க.